'இல்லை' என்று சொல்லக்கூடிய தாய்

ஈக்வடார் நாட்டின் அரசியலமைப்பில் ஒரு பெயர் இருக்கிறது. பெரு நாட்டு மலைச்சரிவில் ஒரு விவசாயி மது அருந்துவதற்கு முன் கோப்பையிலிருந்து மண்ணில் சிந்தும் சில சொட்டுகளிலும் அதே பெயர் இருக்கிறது. சுற்றுலாக் கடைகளில் பனியன்களிலும் துணிப்பைகளிலும் அச்சாகித் தொங்குகிறது. 2019 அக்டோபரில் ரோம் நகரத் தேவாலயம் ஒன்றிலிருந்து கர்ப்பிணிப் பெண்ணின் மரச்சிற்பங்களைத் திருடி டைபர் ஆற்றில் எறிந்தார்கள். அமேசான் பகுதிக்கான ஆயர் மாமன்றத்தை ஒட்டி அங்கே வைக்கப்பட்டிருந்தவை அவை. அதற்காக வருத்தம் தெரிவித்த போப் பிரான்சிஸ் அச்சிற்பங்களைக் குறிக்கப் பயன்படுத்திய சொல்லும் இதே பெயர்தான்: பாச்சமாமா.

ஆண்டிஸ் மலைத்தொடரில் பல லட்சம் பேர் பேசும் கெச்சுவா மொழியிலிருந்து கிளம்பி உலகம் சுற்றும் பெயர் இது. பூமித்தாய் என்று மொழிபெயர்க்கிறார்கள். அதைத் தவறு என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த மொழிபெயர்ப்பில் சில விஷயங்கள் விடுபட்டுப்போயிருக்கின்றன. என்ன விடுபட்டது, விடுபட்டதால் யாருக்கு லாபம் என்று கேட்டுக்கொண்டே போனால் நம் வீட்டு அடுக்களைவரை வந்து நிற்க வேண்டியிருக்கிறது. ஒன்றைத் தாய் என்று அழைப்பது அதற்குச் செய்யும் மரியாதையா, அதனிடமிருந்து கேட்காமல் எடுத்துக்கொள்வதற்கான அனுமதியா? இந்தக் கட்டுரையின் கேள்வி அதுதான்.

1

முதலில் சொல்லைப் பார்ப்போம். கெச்சுவாவிலும் அண்டை மொழியான அய்மாராவிலும் 'பாச்சா' என்பது நிலத்தை மட்டும் குறிக்கும் சொல்லல்ல. உலகம், இடம், காலம், யுகம் எல்லாமே பாச்சாதான். மேலுலகம் ஹனன் பாச்சா, நாம் வாழும் இவ்வுலகம் காய் பாச்சா, உள்ளே இருப்பது உக்கு பாச்சா. காலம் தலைகீழாகப் புரளும் பேரழிவுக்கும் புத்தெழுச்சிக்கும் பாச்சகுத்தி என்று பெயர். இடத்தையும் காலத்தையும் ஒரே சொல்லுக்குள் வைக்கும் இந்தப் பழக்கம் ஐரோப்பிய மொழிக்காரர்களைத் திணறடித்திருக்கிறது. தமிழ் படித்தவர்களுக்கு அவ்வளவு சிரமமில்லை. நிலமும் பொழுதும் சேர்ந்தே முதற்பொருள் என்று தொல்காப்பியம் சொல்வதை நாம் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். கெச்சுவாவில் 'ஞாவ்ப்பா' என்றால் முன்பக்கம். கடந்த காலமும் அதுவே. நம் 'முன்' என்ற சொல்லும் அப்படித்தானே. முன்னால் நிற்பவரையும் முன் சொல்கிறது, முன்னோரையும் சொல்கிறது. இரண்டு மொழிகளுக்கும் உறவு உண்டு என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். ஒரு புரிதலுக்காகச் சொல்கிறேன்.

அடுத்து 'மாமா'. தமிழ்க் காதில் இது ஆண் உறவாக விழும். கெச்சுவாவில் தாய், மதிப்புக்குரிய பெண், தலைவி. அதோடு ஒரு பொருளின் மூலம், ஊற்று, அதன் ஆகச் சிறந்த வடிவம் என்ற பொருளும் உண்டு. மக்காச்சோளத்தின் தாய் சாராமாமா, கோக்கா இலையின் தாய் கோக்காமாமா, கடல் மாமாகோச்சா, நிலா மாமாகில்யா. 1608இல் லிமாவில் வெளியான கொன்சாலெஸ் ஒல்கினின் கெச்சுவா அகராதி, மாமா என்பதற்குப் பூமிக்கடியில் ஓடும் உலோக நரம்பு என்றும் பொருள் தருகிறது. இந்தப் பொருளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆக, பாச்சமாமா என்றால் பிள்ளைகளை மடியில் இருத்திச் சோறூட்டும் ஒரு பெண் பூமி என்ற சித்திரம் அந்தச் சொல்லிலிருந்து தானாக வருவதல்ல. இடமும் காலமுமான இவ்வுலகத்தின் தலைவி, மூலம் என்ற அளவுக்கு விரிந்த பெயர் அது. அந்தத் தலைவி கருணையே உருவானவளும் அல்ல. அவள் பசிப்பவள். ஆகஸ்ட் மாதத்தில், விதைப்புக்கு முன், பூமி வாய் திறந்திருக்கிறது என்பது மலைக்கிராமங்களின் நம்பிக்கை. அப்போது அவளுக்குச் சாப்பாடு போட வேண்டும். கோக்கா இலை, லாமாவின் கொழுப்பு, இனிப்புகள், மக்காச்சோளக் கள் எல்லாவற்றையும் முறைப்படி அடுக்கிப் புதைப்பார்கள் அல்லது எரிப்பார்கள். ஸ்பானிய மொழியில் இந்தச் சடங்குக்குப் 'பாகோ' என்று பெயர். பாகோ என்றால் செலுத்துதல், கட்டணம். செலுத்தாவிட்டால் அவள் கோபப்படுவாள். விளைச்சல் பொய்க்கும், ஆள் நோயில் விழுவான். நிலத்திடமிருந்து எடுத்தது கடன், கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதுதான் இதன் கணக்கு.

2

ஹோசே தெ அகோஸ்தா என்ற இயேசு சபைப் பாதிரியார் 1590இல் வெளியிட்ட நூலில் ஒரு சடங்கைப் பதிவுசெய்திருக்கிறார். மூடநம்பிக்கைக்கு உதாரணமாகத்தான் அவர் அதைச் சொல்கிறார். ஆனால் பகையாளியின் குறிப்பிலும் சில சமயம் பொக்கிஷம் கிடைத்துவிடும்.

அறுவடை மாதத்தில் ஒவ்வொரு வீட்டிலும் தங்கள் நிலத்தில் விளைந்த மக்காச்சோளத்தில் ஆகச் சிறந்த கதிர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். அவற்றைச் சிறு குதிரில் வைத்து, வீட்டிலிருக்கும் விலையுயர்ந்த துணிகளைப் போர்த்தி, மூன்று இரவுகள் கண்விழித்துக் காவலிருப்பார்கள். அதுதான் அந்த வயலின் சோளத்தாய். பிறகு பூசாரிகள் அவளிடம் ஒரு கேள்வி கேட்பார்கள்: அடுத்த ஆண்டுவரை தாங்க உனக்கு வலு இருக்கிறதா? 'இருக்கிறது' என்று பதில் வந்தால் அப்படியே வைத்திருப்பார்கள். 'இல்லை' என்று பதில் வந்தால் அவளை விளைந்த வயலுக்கே எடுத்துச்சென்று, அவரவர் வசதிக்கேற்ற மரியாதையோடு எரித்துவிட்டு, வேறு கதிர்களைத் தாயாக அமர்த்துவார்கள்.

அகோஸ்தா ஒரு பத்தியில் கடந்துபோகும் இந்த இடத்தில் என்னால் கடந்துபோக முடியவில்லை. தாய் என்று பெயர் வைத்த ஒன்றிடம், உனக்கு வலு இருக்கிறதா என்று வருடாவருடம் கேட்டிருக்கிறார்கள். அவள் 'இல்லை' என்று சொல்லவும் இடம் வைத்திருக்கிறார்கள். அந்த 'இல்லை'யை நன்றிகெட்டதனம் என்றோ தாய்மைக்கு இழுக்கு என்றோ யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அது ஒரு தகவல். அதற்கேற்பத் தங்கள் ஏற்பாட்டை மாற்றிக்கொண்டார்கள்.

'இல்லை' என்றதும் எரித்துவிடுகிறார்களே, இது என்ன நியாயம் என்று ஒரு மாணவி கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. இதைப் பொற்காலமாக்கி ஏந்திக்கொள்ள எனக்கும் விருப்பமில்லை. இன்காப் பேரரசு பெண்களைப் பரிசுப்பொருளாக விநியோகித்த பேரரசு. இளம்பெண்களைத் தெரிந்தெடுத்து மடங்களில் அடைத்து, துணி நெய்யவைத்து, பிரபுக்களுக்கு மனைவியராகக் கொடுத்த அமைப்பு அங்கே இருந்தது. நான் சொல்வது ஒன்றுதான். அந்தச் சடங்கில் தாய் என்பது ஒரு பொறுப்பு. அந்தப் பொறுப்பைச் சுமப்பவரின் வலு கணக்கில் வந்தது. வலு தீர்ந்தால் விடுவிப்பும் இருந்தது. நாம் அறிந்த தாய்மைக்கு விடுவிப்பு கிடையாது.

3

பொலிவியாவின் பொட்டோசி நகரிலுள்ள பழைய நாணயச்சாலையில் 18ஆம் நூற்றாண்டு ஓவியம் ஒன்று இருக்கிறது. வரைந்தவர் பெயர் தெரியாது. கூம்பு வடிவில் ஒரு செம்மலை. மலையின் உச்சியில் மரியன்னையின் முகம், இரு பக்கமும் அவளுடைய கைகள். அவளது அங்கியே மலை. அந்த அங்கியின்மேல் பாதைகள் ஏறுகின்றன, மனிதர்கள் நடக்கிறார்கள், மரங்கள் நிற்கின்றன. மேலே பரமபிதாவும் திருமகனும் அவளுக்கு முடிசூட்டுகிறார்கள். கீழே போப்பும் பேரரசரும் முழந்தாளிட்டு நிற்கிறார்கள்.

அந்த மலை, செரோ ரிக்கோ. 1545இல் அங்கே வெள்ளி கண்டுபிடிக்கப்பட்டது. 1570களில் வைஸ்ராய் தொலேதோ ஒழுங்குபடுத்திய 'மித்தா' என்ற கட்டாய உழைப்பு முறையில், மலைநாட்டுக் கிராமங்களின் ஆண்கள் முறைவைத்து அந்தச் சுரங்கங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே மாண்டவர்களுக்குச் சரியான கணக்கில்லை. ஸ்பெயினின் போர்களுக்கும் ஐரோப்பாவின் வாணிபத்துக்கும் அந்த வெள்ளி ஓடியது.

ஓவியத்தில் பாச்சமாமாவும் மரியாவும் ஒன்றாகிவிட்டார்கள் என்று கலை வரலாற்று ஆசிரியர்கள் பலர் வாசிக்கிறார்கள். உள்ளூர் மக்கள் தங்கள் தெய்வத்தை மாதாவின் அங்கிக்குள் ஒளித்துக் காப்பாற்றினார்கள் என்பது அந்த வாசிப்பு. அதில் உண்மை உண்டு. எனக்கு வேறொன்றும் தெரிகிறது. முடிசூட்டு விழா மேலே நடக்கிறது. தோண்டுவது அங்கிக்குள் நடக்கிறது. முடிசூட்டப்படும் பெண்ணின் உடல்தான் தோண்டப்படும் இடமும். மாதாவின் முகம் சாந்தமாக இருக்கிறது. அவளுக்கு வலு இருக்கிறதா என்று அந்தப் படத்தில் யாரும் கேட்கவில்லை. பசித்து வாய் திறக்கிறவள், கோபித்துக்கொள்கிறவள், கடனைக் கேட்கிறவள் மறைந்து, கொடுத்துக்கொண்டே இருக்கும் தூய தாய் வந்துவிட்டாள். பாச்சமாமா பூமித்தாயாக மொழிபெயர்க்கப்பட்டது அகராதியில் மட்டுமல்ல, இப்படியும்தான்.

அகராதியில் மாமா என்பதற்கு உலோக நரம்பு என்ற பொருளும் இருந்ததல்லவா? சுரங்கத் தொழிலாளர்களிடம் அது ஒரு தடையாக உருமாறியது. சுரங்கத்துக்குள் இருக்கும் தெய்வம் ஆண், கொம்புவைத்தவன். அவனைத் 'தீயோ' என்பார்கள். ஸ்பானிய மொழியில் மாமன் என்று பொருள். அவன் பாச்சமாமாவின் துணைவன். ஆகவே வேறொரு பெண் சுரங்கத்துக்குள் காலெடுத்துவைத்தால் பாச்சமாமா பொறாமைப்பட்டு உலோக நரம்பை மறைத்துவிடுவாள் என்ற நம்பிக்கை பொலிவியச் சுரங்கங்களில் வெகுகாலம் இருந்தது, இன்னும் முற்றாகப் போய்விடவில்லை. விளைவு என்ன? உள்ளே வேலை, கூலி, சங்கம் எல்லாம் ஆண்களுக்கு. சுரங்கத்தில் கணவனை இழந்த பெண்கள், வெளியே கொட்டிய கழிவுக்கற்களை வெயிலிலும் பனியிலும் உட்கார்ந்து உடைத்து, அதில் மிச்சமிருக்கும் தாதுவைப் பொறுக்குவார்கள். அவர்களுக்குப் 'பாய்யிரி' என்று பெயர். பொறுக்குபவள் என்று பொருள். ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லியே இன்னொரு பெண்ணை வாசலில் நிறுத்தும் தந்திரம் நமக்கும் பழக்கமானதுதான். அம்மனுக்குத் தீட்டு ஆகாது என்று பெண்களை வெளியே உட்காரவைக்கிற ஊர்களில் இருந்துகொண்டு பொட்டோசியைப் பார்த்து ஆச்சரியப்பட முடியாது.

சுரங்க வாசலில் நின்ற பெண்களில் ஒருவர் தொமித்திலா பார்ரியோஸ் தெ சுங்காரா. சிக்லோ பெயின்டே என்ற வெள்ளீயச் சுரங்கக் குடியிருப்பில் வாழ்ந்தவர். 1961இல் உருவான அங்கத்திய இல்லத்தரசிகள் குழுவின் தலைவர்களில் ஒருவரானார். 1975இல் மெக்சிகோவில் சர்வதேச மகளிர் ஆண்டு மாநாட்டை ஒட்டிய மன்றத்தில் பேசி உலகம் அறிந்தவரானார். அவருடைய தன்வரலாற்றில் ஒரு காட்சி உண்டு. விடிவதற்கு முன் எழுந்து பலகாரம் செய்து விற்று, துவைத்து, சமைத்து, பிள்ளைகளைப் பார்த்து, சங்க வேலையும் செய்யும் பெண்கள் ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள். துவைக்கிறவளுக்கு இவ்வளவு கூலி, சமையல்காரிக்கு இவ்வளவு, பிள்ளை பார்க்கிறவளுக்கு இவ்வளவு என்று. கூட்டிப் பார்த்தால் அது கணவன் சுரங்கத்தில் வாங்கும் கூலியைவிட அதிகமாக வருகிறது. தாயின் உழைப்புக்கு விலை உண்டு என்று தெரிந்த பிறகுதான், கம்பெனி ஒரு கூலியைக் கொடுத்து இரண்டு பேரின் உழைப்பை வாங்கிக்கொள்கிறது என்பதும் தெரிகிறது. தொமித்திலாவும் தோழிகளும் பாச்சமாமாவை மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் போட்ட கணக்கு, ஆகஸ்ட் மாதத்துப் பாகோவுக்குப் பின்னால் இருக்கும் அதே கணக்கு: எடுத்ததற்குச் செலுத்து.

4

இனி இந்த நூற்றாண்டுக்கு வருவோம். 2008இல் ஈக்வடார், உலகிலேயே முதன்முறையாக, இயற்கைக்கு உரிமைகள் உண்டு என்று அரசியலமைப்பிலேயே எழுதியது. 71ஆவது பிரிவு 'இயற்கை அல்லது பாச்சமாமா' என்று பெயர் சொல்லி, அவளுடைய இருப்பு மதிக்கப்பட வேண்டும் என்கிறது. அந்த உரிமைக்காக எந்தக் குடிமகளும் எந்தச் சமூகமும் அதிகாரிகளிடம் முறையிடலாம். அலங்காரமாக நின்றுவிட்ட வாசகமல்ல இது. 2011இல் சாலைப்பணியின் இடிபாடுகள் கொட்டப்பட்ட வில்கபாம்பா ஆற்றின் சார்பில் லோஹா மாகாண நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021இல் அரசியலமைப்பு நீதிமன்றம், லோஸ் செத்ரோஸ் மேகக்காட்டில் சுரங்கம் தோண்டக் கொடுத்த அனுமதிகள் செல்லாது என்றது. பெயரால் நன்மையே இல்லை என்று சொல்கிறவர்கள் இந்தக் காட்டைப் பார்க்க வேண்டும்.

ஆனால் அதே அரசியலமைப்பின் 45ஆவது பிரிவு, கருத்தரித்த கணத்திலிருந்து உயிரைக் காப்பது அரசின் கடமை என்கிறது. ஒரே புத்தகத்தில் இரண்டு தாய்கள். ஒருத்திக்கு, தன்மேல் நடக்கும் அழிவை நிறுத்தச் சொல்லும் உரிமை. இன்னொருத்திக்கு, தன் உடலில் நடப்பதை நிறுத்தச் சொல்லும் உரிமை ஏறக்குறைய இல்லை.

2013ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். அந்த அரசியலமைப்பைக் கொண்டுவந்த ரஃபேல் கொரேயாதான் அப்போதும் அதிபர். ஆகஸ்டில், யாசுனி காட்டின் ஒரு பகுதியில் எண்ணெயை எடுக்காமல் நிலத்துக்குள்ளேயே விட்டுவைக்கும் திட்டத்தை அவர் கைவிட்டார். அக்டோபரில், பாலியல் வன்முறையால் உண்டான கருவைக் கலைப்பது குற்றமாகாது என்று சட்டத்தைத் திருத்த அவருடைய கட்சிப் பெண் உறுப்பினர்கள் முயன்றபோது, பதவி விலகிவிடுவேன் என்று மிரட்டினார். முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டது. மூன்று பெண் உறுப்பினர்கள்மீது கட்சி நடவடிக்கை எடுத்தது. அதே அக்டோபரில் அமேசான் பகுதிப் பெண்கள், எண்ணெய் வேண்டாம் என்று சொல்லத் தலைநகர் கீத்தோவுக்கு வந்து சேர்ந்தார்கள். டிசம்பரில், பழங்குடியினரோடு வேலைசெய்த ஓர் அமைப்பை அரசு கலைத்து அலுவலகத்துக்குப் பூட்டுப் போட்டது. அந்த அமைப்பின் பெயர் பாச்சமாமா அறக்கட்டளை.

ஒரே ஆண்டில் மூன்று 'இல்லை'கள் மறுக்கப்பட்டன: காட்டின் பேரில் சொல்லப்பட்டது, வன்முறைக்கு ஆளான பெண் சொல்ல விரும்பியது, அமேசான் பெண்கள் நடந்துவந்து சொன்னது. மறுத்தவர் பாச்சமாமாவைப் போற்றும் முகவுரையின் கீழ் ஆட்சி செய்தவர். இதைப் பாசாங்கு என்று சொல்லி முடித்துக்கொள்ளலாம். எனக்கு அது போதவில்லை. பாசாங்கு என்றால் சொல்லும் செயலும் முரண்பட வேண்டும். இங்கே முரண்பாடே இல்லை. தாய் கொடுப்பவள், மறுப்பவள் அல்ல என்பதுதான் உள்ளே ஓடும் நம்பிக்கை என்றால், எண்ணெய் விஷயத்திலும் கருப்பை விஷயத்திலும் அவர் ஒரே கொள்கையோடுதான் நடந்துகொண்டார்.

பொலிவியாவிலும் இந்தப் பெயர் ஆட்சிக்கு வந்தது. ஏப்ரல் 22ஐ அன்னை பூமி தினமாக ஐ.நா. அறிவித்தது 2009இல், பொலிவியாவின் முன்முயற்சியால். 2010 டிசம்பரில் அன்னை பூமியின் உரிமைகளுக்கான சட்டம் வந்தது. 2011இல் திப்னிஸ் என்ற காட்டுப் பகுதியின் ஊடாக நெடுஞ்சாலை போடுவதை எதிர்த்துத் தாழ்நிலப் பழங்குடி மக்கள் தலைநகரை நோக்கி நடந்தார்கள். செப்டம்பர் 25 அன்று சாப்பரீனா என்ற இடத்தில் போலீஸ் அவர்களைத் தாக்கியது. கண்ணீர்ப்புகை வீசி, கைகளைக் கட்டி, சிலரது வாயில் ஒட்டுநாடா ஒட்டியது. பெண்களும் குழந்தைகளும் அதில் இருந்தார்கள். அன்னையின் பெயரால் சட்டம் போட்டு ஓராண்டு நிறைவதற்குள், அன்னையர் வாயை ஒட்டியாயிற்று.

5

வெளியே இருந்துகொண்டு இன்னொரு மக்களின் தெய்வத்தை விமர்சிக்க நமக்கு என்ன உரிமை என்று ஒரு தயக்கம் வரும், வர வேண்டும். காலனியக் காலம் முழுக்க ஆண்டிஸ் மக்களின் நம்பிக்கைகள் பிசாசு வேலை என்று அழிக்கப்பட்டன. இன்று பெண்ணியத்தின் பெயரால் அதையே செய்யக் கூடாது. நல்லவேளையாக, இந்த விமர்சனத்தை அந்த மண்ணின் பெண்களே நமக்கு முன்னால் செய்துவிட்டார்கள்.

2010 ஏப்ரலில் பொலிவியாவின் கோச்சபாம்பாவில் பருவநிலை மாற்றம் பற்றிய மக்கள் மாநாடு நடந்தது. 'அன்னை பூமி' என்பது மாநாட்டின் பெயரிலேயே இருந்தது. அங்கே, அய்மாராப் பெண்ணான ஹூலியெத்தா பாரெதெஸ் உள்ளிட்டவர்கள் வளர்த்தெடுத்த சமூகப் பெண்ணியத்தின் சார்பில் ஓர் அறிக்கை வெளியானது. பாச்சமாமாவை அன்னை பூமி என்று சுருக்குவதே ஆணாதிக்கம் என்றது அது. பெண்களை எப்படி விளைச்சல் தரும் கருப்பையாகச் சுருக்குகிறார்களோ அப்படியே பாச்சமாமாவையும் சுருக்குகிறார்கள். பாச்சா என்பது முழுமை. அவளுக்குள் நாம் இருக்கிறோம், அவள் நமக்குச் சொந்தமல்ல என்பது அதன் வாதம். அந்த மாநாட்டின் தொடக்க உரையில்தான் அதிபர் ஈவோ மொராலெஸ், ஹார்மோன் ஊசி போட்ட கோழியைத் தின்பதால் ஆண்கள் ஆண்மையிலிருந்து வழுவிப்போகிறார்கள் என்று பேசிச் சர்ச்சைக்குள்ளானார். அன்னை பூமியைக் காக்கப் புறப்பட்டவர், ஆண் எது பெண் எது என்று வரையறுக்கவும் அதே மேடையைப் பயன்படுத்திக்கொண்டார்.

ஈக்வடாரின் சாரயாக்குக் கிராமத்துக் கிச்சுவா மக்கள் வேறொரு வழியைக் காட்டுகிறார்கள். கிச்சுவா, கெச்சுவாவின் ஒரு வடிவம். தங்கள் காட்டைக் குறிக்க அவர்கள் முன்வைக்கும் பெயர் 'கவ்சாக் சாச்சா'. உயிருள்ள காடு என்று பொருள். தாய் இல்லை, மகள் இல்லை, உயிர், அவ்வளவுதான். தங்களைக் கேட்காமல் எண்ணெய் நிறுவனத்தை உள்ளே விட்டதற்காக அவர்கள் அமெரிக்கக் கண்டத்தின் மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2012 ஜூனில் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. முன்கூட்டிக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை, அது உரிமை மீறல் என்றது நீதிமன்றம். சோளக்குதிரின் முன் நின்று கேட்ட அதே கேள்வி, சர்வதேசச் சட்டத்தின் மொழியில் திரும்பி வந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. 2023 ஆகஸ்ட் 20 அன்று யாசுனியின் எண்ணெயை என்ன செய்வது என்று ஈக்வடார் மக்களிடமே கேட்கப்பட்டது. ஏறத்தாழ 59 சதவீதம் பேர், அது நிலத்துக்குள்ளேயே இருக்கட்டும் என்றார்கள். கேட்டால் பதில் வருகிறது.

6

இந்தப் பெயரின் அலை நம் ஊருக்கும் வந்திருக்கிறது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில், காட்டு நிலத்துக்குப் பட்டா கொடுத்த ஒரு வருவாய்த்துறை அலுவலர் மீதான தண்டனை தொடர்பான வழக்கில் நீதிபதி எஸ். ஸ்ரீமதி தீர்ப்பளித்தார். இயற்கை அன்னை ஓர் உயிர், சட்டத்தின் கண்ணில் ஒரு நபர், அவளுக்கு உரிமைகள் உண்டு என்று அந்தத் தீர்ப்பு அறிவித்தது. உலகின் பிற நாடுகள் சென்ற வழியில் நாமும் ஓர் அடி வைத்தது மகிழ்ச்சிக்குரியது.

ஆனால் தீர்ப்பின் சொற்களில் சற்று நிற்க வேண்டும். இந்த அறிவிப்பைச் செய்ய நீதிமன்றம் கையிலெடுத்த அதிகாரம், தன்னைத் தானே காத்துக்கொள்ள முடியாதவர்களுக்கு அரசே பெற்றோராக இருக்கும் என்ற பழைய சட்டக் கோட்பாடு. குழந்தைகளுக்கும் மனநலம் குன்றியவர்களுக்கும் பயன்படுத்தப்படுவது அது. அன்னை என்று அறிவித்த கையோடு அவளைக் காப்பாளர் தேவைப்படும் பிள்ளையாக்கியாயிற்று. காப்பாளர் அரசு, பட்டா கொடுத்ததும் அரசின் அலுவலர்தான். உரிமைகளோடு சேர்த்துக் கடமைகளும் பொறுப்புகளும் அவளுக்கு உண்டு என்றும் தீர்ப்பு சொல்கிறது. சட்டத்தில் 'நபர்' என்றால் வழக்கமாகச் சேர்ந்துவரும் சொற்கள்தாம் அவை. இருந்தாலும், ஒரு தாயைக் கடமை இல்லாமல் நம்மால் கற்பனை செய்யக்கூட முடிவதில்லை என்று அதை வாசித்தபோது நினைத்துக்கொண்டேன்.

தன்னைத் தோண்டுகிறவர்களையும் தாங்குகிற நிலத்தைப் பொறுமைக்கு இலக்கணமாக்கிய குறளை நான் ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறேன். அதில் பொறுத்துக்கொள்ளச் சொல்லி அறிவுறுத்தப்படுகிறவர், இகழப்படுகிற மனிதர். நிலம் வெறும் உவமை. நாளடைவில் என்ன ஆனதென்றால், உவமை பெண்ணின் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பூமாதேவி மாதிரிப் பொறுமை வேண்டும் என்று மருமகளுக்குத்தான் சொல்கிறார்கள், மருமகனுக்குச் சொல்லி நான் கேட்டதில்லை. கல்லூரியில் அன்னையர் தினக் கவிதைப் போட்டிக்கு நடுவராக உட்கார்ந்திருக்கிறேன். கட்டுக்கட்டாக வரும் கவிதைகளில் அம்மா கடைசியாகச் சாப்பிடுகிறாள், அல்லது சாப்பிடாமலே பசியில்லை என்கிறாள். அவள் 'என்னால் முடியவில்லை' என்று சொல்லும் ஒரு வரிக்காக நான் காத்திருக்கிறேன். எழுதுகிற பிள்ளைகள் அன்பில்லாதவர்கள் அல்ல. அந்த வரி வந்தால் அது அம்மா கவிதையாக இருக்காது என்று அவர்களுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

நன்னூல் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பிரிக்கும். பாச்சமாமாவின் வரலாற்றைப் பார்த்த பிறகு, சில பெயர்களுக்கு இன்னொரு கேள்வியும் தேவை என்று தோன்றுகிறது: இந்தப் பெயரைச் சொல்கிறவர் எதற்குக் கட்டுப்படுகிறார்? வயலோரத்து விவசாயி அந்தப் பெயரைச் சொல்லும்போது கோப்பையிலிருந்து சில சொட்டுகளை இழக்கிறார், ஆகஸ்டில் இன்னும் கொஞ்சம் இழக்கிறார். லோஸ் செத்ரோஸ் வழக்கில் ஓர் அரசு அந்தப் பெயரால் சுரங்க வருமானத்தை இழந்தது. இவர்கள் வாயில் அந்தப் பெயர் நேர்மையானது. சொல்கிறவருக்கு எந்தச் செலவும் வைக்காமல், சொல்லப்படுகிறவளிடமிருந்து மட்டும் வசூலிக்கும் இடங்களில் அதே பெயர் ஒரு ரசீது இல்லாத வசூல். தாய்நாடு, தாய்மண், தாய்மொழி, இயற்கை அன்னை, வீட்டு அம்மா என்று எதை அழைத்தாலும் இதே சோதனை பொருந்தும்.

தாய் என்ற பெயரையே விட்டுவிட வேண்டும் என்பது என் முடிவல்ல. சாரயாக்கு மக்களைப் போல விட்டுவிடுவதும் ஒரு வழி. வைத்துக்கொள்வதென்றால், அந்தச் சோளக்குதிரின் முன் கேட்கப்பட்ட கேள்வியையும் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். ஆற்றிடம், காட்டிடம், அவற்றோடு வாழும் மக்களிடம், அடுக்களையில் நிற்பவளிடம் கேட்க வேண்டும்: அடுத்த ஆண்டுவரை உனக்கு வலு இருக்கிறதா? அவள் 'இல்லை' என்றால், அந்தப் பதிலுக்கேற்ப நம் ஏற்பாட்டை நாம்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்.